நாயைக் கொன்றது யார்? பெயரைக் கேட்கும் அதிகாரம் யாருக்கு?

சாஆ – வேலை முடிந்து வீடு திரும்பும்போது, லயத்துப் பின்புறம் வளர்ப்பு நாய் வாயில் நுரை தள்ளிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, “மத்தியானம் ஒருத்தன் மோட்டார்ல வந்து எதையோ வீசிட்டுப் போனான்” என்கிறார். யார் அவன்? அவருக்குத் தெரியாது. ஆனால் இரவுக்குள் புலனக் குழுவில் ஒரு படமும் ஒரு பெயரும் சுற்றத் தொடங்கிவிடும். மறுநாள் காலை அந்தப் பெயருக்குரியவர் ரொட்டிக் கடைக்குக்கூட போக முடியாது. செய்தது அவர்தானா என்று அவரிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

இது குறிப்பிட்ட ஒரு சம்பவம் அல்ல. சாஆ, லாபிஸ், பெக்கோக், யோங் பெங் வட்டாரத்தில் எந்தத் தோட்டத்திலும், எந்தத் தாமானிலும் நடக்கக்கூடியதுதான். பிராணிகளுக்குக் கொடுமை செய்வோரைத் தண்டிக்க நம் நாட்டில் இன்று கடுமையான சட்டம் இருக்கிறது. ஆனால், செய்தவர் இன்னார் என்று முறைப்படி அடையாளம் காணப்பட்டால்தான் அந்தச் சட்டம் வேலை செய்யும். அந்த இடத்தில்தான் பல புகார்கள் நின்றுபோகின்றன. அதே இடத்தில்தான் ஒன்றும் அறியாதவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள்.

எனவே, “நீ யார், உன் பெயர் என்ன, முகவரி என்ன” என்று கேட்கும் அதிகாரம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதை நாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

200 வெள்ளியிலிருந்து ஒரு லட்சம் வரை

நம் தாத்தா, அப்பா காலத்தில் இருந்தது 1953ஆம் ஆண்டின் பிராணிகள் சட்டம். கொடுமை செய்தவருக்கு அதிகபட்சம் 200 வெள்ளி அபராதம் அல்லது ஆறு மாதச் சிறை. 2011ஆம் ஆண்டு சிலாங்கூரில் பூனைக்குட்டிகளை ஒரு பெண் துன்புறுத்தும் மறைக்காணிப் பதிவு நாடெங்கும் பரவியது. ஆள் அடையாளம் காணப்பட்டு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். இரண்டு குற்றச்சாட்டுகளுக்கும் சேர்த்து விதிக்கப்பட்ட அபராதம் 400 வெள்ளி. மக்கள் கொதித்துப் போனார்கள்.

2013இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு அபராதத்தின் உச்சம் 50,000 வெள்ளியானது. பிறகு நாடாளுமன்றம் பிராணிகள் நலச் சட்டம் 2015ஐ நிறைவேற்றியது. 2017 ஜூலை 1 முதல் அது நடப்புக்கு வந்தது. அதன் 29ஆவது பிரிவின்படி, கொடுமை செய்தது நிரூபிக்கப்பட்டால் 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அபராதம் விதிப்பதானால் 20,000 வெள்ளிக்குக் குறையக்கூடாது. ஒரு தோட்டத் தொழிலாளிக்கு அது ஓர் ஆண்டுச் சம்பளத்தை ஒட்டிய தொகை.

இந்தச் சட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டியது கோம்பாக் வழக்கு. 2018 செப்டம்பரில் தாமான் கோம்பாக் ரியாவில் உள்ள ஒரு தானியங்கிச் சலவைக் கடையில், கருவுற்றிருந்த பூனை துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் போடப்பட்டுக் கொல்லப்பட்டது. கடையின் மறைக்காணியில் எல்லாம் பதிவாகியிருந்தது. அந்தப் பதிவைக் கொண்டு சந்தேக நபர்கள் கண்டுபிடிக்கப்பட்டனர். 2019 நவம்பரில் செலாயாங் செஷன்ஸ் நீதிமன்றம் அவர்களில் ஒருவருக்கு 34 மாதச் சிறையும் 40,000 வெள்ளி அபராதமும் விதித்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் இன்னொருவரும் சிறைத் தண்டனை பெற்றிருந்தார்.

2011ஆம் ஆண்டு வழக்கிலும் 2018ஆம் ஆண்டு வழக்கிலும் ஆளைக் காட்டிக்கொடுத்தது மறைக்காணிதான். நகரத்துச் சலவைக் கடையில் மறைக்காணி இருக்கிறது. செம்பனைக் காட்டுக்குள், லயத்துப் பின்புறத்தில், ஆற்றோரத்தில் எங்கே இருக்கிறது? அங்கே ஆளை அடையாளம் காட்ட இருப்பது மனிதர்களின் கண்ணும், அதிகாரி கேட்கும் கேள்வியும்தான்.

யார் கேட்கலாம்?

முதலில் காவல்துறை. பிராணியைக் கொல்வது, முடமாக்குவது குற்றவியல் சட்டத்தின் 428ஆவது பிரிவின்கீழும் வருவதால், இத்தகைய புகார்களைப் போலீசாரே விசாரிப்பதுண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 24ஆவது பிரிவில் ஒரு பழைய விதி இருக்கிறது. கைது ஆணை இல்லாமல் பிடிக்க முடியாத சிறு குற்றமாகவே இருந்தாலும், போலீஸ் அதிகாரியின் முன்னிலையில் அதைச் செய்தவர் அல்லது செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் தன் பெயரையும் இருப்பிடத்தையும் சொல்ல மறுத்தால், அல்லது பொய்யான பெயரைச் சொல்வதாகத் தெரிந்தால், அவரைக் கைது செய்யலாம். போலீசுக்கு மட்டுமல்ல, பெங்குலுவுக்கும் இந்த அதிகாரம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

அடுத்து, கால்நடை சேவை இலாகா. பிராணிகள் நலச் சட்டத்தை அமல்படுத்தும் பிராணிகள் நல அதிகாரிகள் இந்த இலாகாவைச் சேர்ந்தவர்கள். விசாரிப்பது, தேடுவது, பிராணியையும் பொருள்களையும் பறிமுதல் செய்வது, விவரம் அறிந்தவர்களை அழைத்து வாக்குமூலம் பெறுவது ஆகிய அதிகாரங்கள் அவர்களுக்கு உண்டு. பெயரையும் முகவரியையும் கேட்பது அந்த விசாரணையின் முதல் படி. ஆனால் அவர் தன்னை யார் என்று முதலில் சொல்ல வேண்டும், அதிகார அட்டையைக் காட்ட வேண்டும். “ஐயா, உங்கள் அட்டையைக் கொஞ்சம் காட்டுங்கள்” என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அது நம் உரிமை.

கொல்லப்பட்டது வனவிலங்காக இருந்தால், 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பெர்ஹிலித்தான் அதிகாரிகள் வருவார்கள். கண்ணியில் மாட்டியது பக்கத்து வீட்டு நாயா, காட்டு விலங்கா என்பதைப் பொறுத்து கதவைத் தட்டும் அதிகாரியும் மாறுவார்.

யார் கேட்க முடியாது?

பிராணிகள் நல அமைப்புகளின் தொண்டர்கள் நல்ல வேலை செய்கிறார்கள். 1958 முதல் இயங்கும் சிலாங்கூர் எஸ்பிசிஏ போன்ற அமைப்புகள் புகாரைப் பெறும், மீட்கும், அதிகாரிகளுக்குத் தகவல் தரும். ஆனால் சட்டத்தின் பார்வையில் அவர்களும் நம்மைப் போன்ற பொதுமக்களே. சட்டையில் சின்னம் இருப்பதாலேயே ஒருவர் உங்கள் அடையாள அட்டையைக் கேட்டுவிட முடியாது, வீட்டுக்குள் நுழையவும் முடியாது. 1824இல் தொடங்கிய இங்கிலாந்தின் ஆர்எஸ்பிசிஏவில் சீருடை அணிந்த இன்ஸ்பெக்டர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. அங்கே 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதிகாரங்கள் போலீசாருக்கும், முறைப்படி நியமிக்கப்பட்ட அதிகாரிகளுக்குமே உண்டு.

மைகாட் விஷயத்திலும் இதே கதைதான். 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லும் அதிகாரம் போலீஸ், குடிநுழைவு, சுங்கம், பணியிலுள்ள இராணுவத்தினர், தேசியப் பதிவு இலாகா அதிகாரிகள் போன்றோருக்கு உண்டு. தோட்டத்து வாசலில் நிற்கும் பாதுகாவலரோ, மண்டோரோ, குடியிருப்பாளர் சங்கத் தலைவரோ அந்தப் பட்டியலில் இல்லை. வாசலில் பெயரை எழுதிவிட்டுப் போகச் சொல்வது வேறு, ஐசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு “நாயை நீதான் அடித்தாய், ஒப்புக்கொள்” என்று மிரட்டுவது வேறு. அதற்கு அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

பிற நாடுகளில் எப்படி?

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 2001ஆம் ஆண்டின் பிராணிகள் பாதுகாப்புச் சட்டம் இதைத் தெளிவாகப் பிரித்து எழுதியிருக்கிறது. ஒருவர் குற்றம் செய்வதை இன்ஸ்பெக்டர் கண்டால், அல்லது செய்திருப்பார் என்று நியாயமாகச் சந்தேகித்தால், பெயரையும் முகவரியையும் கேட்கலாம். காரணமின்றிச் சொல்ல மறுப்பது குற்றம் என்று அவர் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும். சொன்னது பொய் என்று சந்தேகித்தால் ஆதாரம் கேட்கலாம். ஆக, அதிகாரமும் இருக்கிறது, அதற்கு வேலியும் இருக்கிறது.

இந்தியாவில் நிலைமை நேர் எதிர். அங்கே இன்னும் நடப்பில் இருப்பது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம். முதல் முறை குற்றம் செய்தவருக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான் அபராதம். சில உட்பிரிவுகளைத் தவிர மற்றவற்றுக்குப் போலீசார் ஆணை இல்லாமல் கைது செய்யவும் முடியாது. தமிழ்நாட்டில் மாட்டை அடித்து இழுத்துச் செல்பவரைக் கண்டால், போலீசாரின் கையில் பெரும்பாலும் இருப்பது பெயரையும் முகவரியையும் கேட்கும் அதிகாரம்தான். ஆளை அடையாளம் கண்டபின் கிடைக்கும் தண்டனையோ ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

நம் பக்கத்தில் சிங்கப்பூர் இருக்கிறது. அங்கே 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, முதல் குற்றத்துக்கே 15,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமும் 18 மாதம் வரை சிறையும் என்று ஆனது. ஜொகூர் பாருவிலிருந்து தினமும் வேலைக்குப் போய் வரும் நம் பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

தண்டனை பெரிதாகும்போது தவறான ஆளைப் பிடிப்பதால் வரும் பாதிப்பும் பெரிதாகிறது. லண்டனின் குரோய்டன் பகுதியில் 2015 முதல் நூற்றுக்கணக்கான பூனைகள் தலை வெட்டப்பட்ட நிலையில் கிடந்ததாகப் புகார்கள் குவிந்தன. ‘குரோய்டன் பூனைக் கொலையாளி’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. இப்படி இருப்பான், இங்கே பார்த்தேன் என்றெல்லாம் அடையாளங்கள் சொல்லப்பட்டன. கிட்டத்தட்ட மூன்றாண்டு விசாரணைக்குப் பின், 2018 செப்டம்பரில் லண்டன் போலீஸ் முடிவை அறிவித்தது. கொலையாளி என்று ஒரு மனிதனே இல்லை. வாகனம் மோதி இறந்த பூனைகளின் உடல்களை நரிகள் கடித்துக் குதறியிருந்தன. பூனைத் தலையை நரி தூக்கிச் செல்வது மறைக்காணியிலும் பதிவாகியிருந்தது.

அந்த மூன்றாண்டில் எத்தனை பேரை அக்கம்பக்கத்தார் சந்தேகக் கண்ணோடு பார்த்திருப்பார்கள்? இங்கேயும், இறந்து கிடக்கும் பூனையின் படத்துடன் பக்கத்து லயத்து அண்ணனின் படத்தையும் சேர்த்து முகநூலில் போட்டுவிட்டால், பிறகு அழித்தாலும் அது போகாது. அவர் செய்யவில்லை என்று தெரிந்தால், அவதூறு வழக்கைச் சந்திக்க வேண்டியவர் பதிவு போட்டவர். அவர் உண்மையிலேயே செய்திருந்தாலும் சிக்கல் உண்டு. ஊரே படத்தைப் பார்த்த பிறகு ஒரு சாட்சி அவரை அடையாளம் காட்டினால், “நீங்கள் அன்றைக்குக் கண்ட முகமா இது, முகநூலில் கண்ட முகமா?” என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார்.

கண்ணால் கண்ட சாட்சியை எப்படி எடைபோடுவது என்பதற்கு, இங்கிலாந்தின் டர்ன்புல் வழக்கில் வகுத்த நெறிகளை நம் நீதிமன்றங்களும் பின்பற்றுகின்றன. எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்? எவ்வளவு தூரம்? வெளிச்சம் எப்படி? இடையில் ஏதாவது மறைத்ததா? முன்பே பழக்கமான முகமா? இந்தக் கேள்விகளை நீதிமன்றம் கேட்பதற்கு முன் நாமே நம்மைக் கேட்டுக்கொண்டால், பாதி வதந்தி புலனக் குழுவுக்கே வராது.

கை யாருடையது, கட்டளை யாருடையது?

தோட்டத்து மக்களுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. விஷம் வைத்தது, கண்ணி கட்டியது, தெருநாயைப் பிடித்து அடைத்தது யார் என்று விசாரிக்கும்போது முதலில் அடையாளம் காணப்படுபவர் கூலிக்கு அந்த வேலையைச் செய்தவர்தான். அவர் பெயர் உடனே கிடைத்துவிடும். மேலே இருந்து சொன்னவரின் பெயரோ எந்தக் காகிதத்திலும் இருக்காது.

2024 அக்டோபரில் திரங்கானு, பெசுட்டில் ‘கோப்பி’ என்று மக்கள் அன்போடு அழைத்த தெருநாய் சுட்டுக் கொல்லப்பட்டது. நாடே கொந்தளித்தது. அது இருட்டில் ஒளிந்து வந்த ஒருவரின் வேலை அல்ல, ஊராட்சி மன்றத்தின் தெருநாய் ஒழிப்பு நடவடிக்கையில் நடந்தது. அங்கே எழுந்த கேள்வி துப்பாக்கியைப் பிடித்தது யார் என்பதோடு நிற்கவில்லை. அனுமதி கொடுத்தது யார், எந்த நடைமுறையின்படி, அந்த நாய் உண்மையில் ஆபத்தானதா என்பதெல்லாம் கேட்கப்பட்டன.

தோட்டத்திலும் அப்படித்தான் கேட்க வேண்டும். பிராணிகள் நலச் சட்டத்தின்கீழ் ஒரு நிறுவனம் குற்றம் செய்தால், அதன் இயக்குநரும் நிர்வாகியும் பொறுப்பேற்க நேரிடும். எனவே, மேலதிகாரி விஷம் வைக்கச் சொன்னால், “எழுத்தில் கொடுங்கள் ஐயா” என்று கேளுங்கள். எழுத்தில் தர அவர் தயங்கினால், அந்த வேலை சரியில்லை என்று அப்போதே விளங்கிவிடும். வாய்மொழியாகச் சொன்னதைச் செய்துவிட்டுப் பிறகு 20,000 வெள்ளி அபராதத்துக்குத் தனி ஆளாக நிற்பது என்ன நியாயம்?

உங்களிடம் வந்து கேட்டால்

அதிகாரம் உள்ள அதிகாரி கேட்டால் பெயர், அடையாள அட்டை எண், முகவரியை உண்மையாகச் சொல்லுங்கள். பொய்ப் பெயர் சொல்வது தேவையில்லாத இன்னொரு வம்பு. அதற்குமேல் வாக்குமூலம் கேட்டால், உங்களையே குற்றத்தில் சிக்க வைக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கச் சட்டம் இடம் தருகிறது. எழுதியதை உங்களுக்குப் புரிகிற மொழியில் படித்துக்காட்டச் சொல்லி, திருத்தம் இருந்தால் செய்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மலாய் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம்.

போலீசார் கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 2007இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 28ஏ பிரிவு அதைத்தான் சொல்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் தேசியச் சட்ட உதவி அறவாரியமான ஒய்பிஜிகேயை நாடலாம்.

உங்கள் பிராணிக்குக் கொடுமை நடந்தால்

ஆளைத் துரத்திப் பிடித்து அடிக்காதீர்கள். நேரம், இடம், ஆளின் உடை, உயரம், போன திசை, வாகன எண் ஆகியவற்றை உடனே எழுதி வையுங்கள். மறுநாள் எழுதினால் ஞாபகத்தோடு கற்பனையும் கலந்துவிடும். வாகன எண் கிடைத்தால், உரிமையாளரின் விவரத்தைச் சாலைப் போக்குவரத்து இலாகா வழியாகத் தேடுவது விசாரணை அதிகாரியின் வேலை. எண்ணை முகநூலில் போட்டுத் தேடுவது நம் வேலை அல்ல. உரிமையாளர் ஒருவராகவும் அன்று ஓட்டியவர் வேறொருவராகவும் இருக்கலாம்.

பக்கத்துக் கடையில் மறைக்காணி இருந்தால் அன்றே போய்ச் சொல்லுங்கள். பல கருவிகள் சில நாள் அல்லது சில வாரத்தில் பழைய பதிவின்மேல் புதியதைப் பதிந்துவிடும். திரையைக் கைப்பேசியில் படம் எடுத்தால் மட்டும் போதாது, மூலப் பதிவு பத்திரமாக இருக்க வேண்டும். 1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் கணினிப் பதிவுகளுக்கென்று 90ஏ என்ற தனிப் பிரிவு உண்டு. கருவிக்குப் பொறுப்பானவரின் சான்று அங்கே தேவைப்படலாம்.

இறந்த பிராணியை உடனே புதைத்துவிடாதீர்கள். சவப்பரிசோதனைதான் விஷமா, அடியா, வாகன விபத்தா, வேறு விலங்கா என்று சொல்லும். குரோய்டனில் இல்லாத கொலையாளியைத் தேடும் வேலையை முடித்து வைத்ததும் உடல்களை ஆராய்ந்த கால்நடை மருத்துவம்தான். விஷமாக இருக்கலாம் என்பதால் வெறுங்கையால் தொடாமல், நிழலில் ஐஸ் கட்டி வைத்து மூடி, மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். போலீஸ் நிலையத்தில் புகார் செய்து அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகப்படும் ஆளின் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் அந்தப் புகார்தான். அங்கேயும் கண்டதைக் ‘கண்டேன்’ என்றும், கேள்விப்பட்டதைக் ‘கேள்விப்பட்டேன்’ என்றும் பிரித்துச் சொல்லுங்கள்.

சட்டப் புத்தகத்தில் தண்டனையைக் கூட்டுவது சுலபம். செம்பனைக் காட்டுக்குள் நடந்ததை நேரில் வந்து பார்த்து, கேட்க வேண்டியவரிடம் கேட்டு, சரியான ஆளைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்ற அதிகாரிகள் வேண்டும். செகாமாட் போன்ற பரந்த மாவட்டத்தில் அவர்கள் ஒவ்வொரு தோட்டத்துக்கும் வந்து சேர ஆளும் வண்டியும் வேண்டும். நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நாம் கேட்க வேண்டியது இதைத்தான். அதுவரை நம் கையில் இருப்பது ஒரு காகிதமும் பேனாவும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மையும். வாயில்லா ஜீவனுக்கு நியாயம் கேட்கும்போது, அதற்காக வாயுள்ள அப்பாவி ஒருவர் பலியாகிவிடக்கூடாது.